கேரியரில் அம்மா

சைக்கிள் என்றதும் உங்கள் எல்லாருக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிடுகிறது. நம் ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் குழுவில் யாராவது ஒரு பழைய வண்டியின் படத்தைப் போட்டால் போதும், ‘அது ஒரு காலம்’ என்று பத்துப் பேர் வரிசையில் வந்து நிற்கிறீர்கள். நானும் உங்கள் வயதுதான். அறுபதைத் தாண்டி, மூட்டுக்குத் தைலம் தடவிக்கொண்டு, விடிந்தும் விடியாததுமாக உங்களோடு பேரூர் வரைக்கும் மிதிக்கிறவள்தான். ஆனால் போன வாரம் ஒருவர் எழுதினாரே, அந்தக் காலத்தில் சைக்கிளில் ஏறி உட்கார்ந்துவிட்டால் நம்மை யாரும் தடுக்க முடியாது என்று, அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. உங்களைத் தடுத்திருக்க மாட்டார்கள். எங்களைத் தடுத்தார்கள்.

வயதானால் கோபம் குறையும் என்பார்கள். எனக்குக் கூடித்தான் இருக்கிறது. அதற்காக மன்னிப்புக் கேட்கப் போவதில்லை.

எனக்குப் பதினோரு வயது. அந்த வைகாசியில் கரண்ட் வெட்டு அதிகமாகி, அப்பாவும் அம்மாவும் வேலை பார்த்த சிங்காநல்லூர் மில்லை ஒரு மாதத்துக்கு மூடிவிட்டார்கள். அப்பா ஸ்பின்னிங்கில் ஃபிட்டர். அம்மா கோன் வைண்டிங்கில் நூல் சுற்றுகிறவள். இரண்டு பேரும் ஒரே பகலில் வீட்டில் இருந்து நான் பார்த்ததே அப்போதுதான். மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியவர்கள் ஆனதால், உப்பு எங்கே என்று கேட்பதுகூட மில் லைன் வீட்டு வரிசை முழுக்கக் கேட்கும். மூடின ஐந்தாம் நாள் அப்பா அதே குரலில் கேட்டார்:

“கடலுக்குப் போய்ட்டு வந்தர்லாமா?”

“எதுலீங்க?” என்றாள் அம்மா.

“சைக்கிள்லதான்.”

லைன் வீட்டு வரிசையே சிரித்தது. பொண்டாட்டியைக் கேரியரில் வைத்துக்கொண்டு கடலுக்குப் போகிறானாம் என்று. அப்பாவுக்குப் பழைய இடங்கள் என்றால் பைத்தியம். ராத்திரிப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். எங்கே கோட்டை இருக்கிறது, எங்கே கல்வெட்டு இருக்கிறது என்று பேப்பரில் வருவதை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைப்பார். அந்த நோட்டிலிருந்து ஒரு வழி போட்டார். முதலில் பேரூர் கோயில். அப்புறம் மதுக்கரைப் பக்கம் ஒரு தோட்டத்து வேலியோரம் நிற்கும் புலிகுத்திக் கல். அன்றைக்குப் பொழுது சாயும்போது வாளையாறுக்கு இந்தப் பக்கம், மலையடிவாரத்தில் அவர் பிறந்த ஊர். அங்கே அவருடைய அண்ணன், என் பெரியப்பா, ஒரு பண்ணாடியின் தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்தார். மறுநாள் பாலக்காட்டுக் கோட்டை. அங்கிருந்து ஆற்றை ஒட்டியே இறங்கினால் பொன்னானி, கடல்.

பண்ணாடி என்றால் தோட்டத்துக்கு முதலாளி. நிலம் அவருடையது, ஊர் அவருடையது, எங்கள் சாதிக்காரர்கள் பரம்பரையாக அவருக்கு வேலைக்காரர்கள். நாங்கள் சர்ச்சுக்குப் போக ஆரம்பித்து இரண்டு தலைமுறை ஆகியிருந்தது. அதனால் பண்ணாடி ஒன்றும் மாறிவிடவில்லை.

அப்பாவின் கறுப்பு சைக்கிள் கேரியரில் ஜமக்காளத்தை நாலாக மடித்துப் போட்டு அம்மா ஒருபக்கமாக உட்கார்ந்தாள். ஹேண்டில்பாரில் ஒரு பக்கம் சோறு வைத்த தூக்குப்போசி, மறுபக்கம் துணிப்பை. எனக்குப் பக்கத்து வீட்டு நர்ஸ் அக்காவின் பச்சை நிற லேடீஸ் சைக்கிள். சீட்டை எவ்வளவு இறக்கியும் கால் கட்டைவிரல்தான் பெடலைத் தொட்டது. அந்தச் சைக்கிளின் செயின்கவரில் பச்சைக்கிளிப் படம் ஒன்று ஒட்டியிருக்கும். பொன்னானி உப்புத் தண்ணீரில் அது உரிந்து போனதற்கு நர்ஸ் அக்காவிடம் நான் வாங்கின திட்டு தனிக் கதை.

பாலக்காடு வரைக்கும் இறக்கம், மிதிக்கவே வேண்டாம் என்று சொல்லித்தான் அப்பா கிளப்பினார். இறக்கம் நிஜம்தான். ஆனால் வைகாசிக் கடைசியில் கணவாயிலிருந்து காற்று புறப்பட்டுவிடும் என்பதைக் கோயமுத்தூரில் பிறந்த எந்தக் குழந்தையும் சொல்லும். அப்பாவுக்கு மறந்துவிட்டது. பஞ்சு பறக்காமல் இருக்க ஜன்னலையெல்லாம் சாத்தி வைத்த மில்லுக்குள் பதினெட்டு வருஷம் இருந்தவருக்குக் காற்று எந்த மாதம் எந்தப் பக்கமிருந்து வரும் என்று எப்படி ஞாபகம் இருக்கும்? எதிர்க்காற்று சட்டைக்குள் புகுந்து அப்பாவின் முதுகு மூட்டையாக உப்பிக்கொண்டது. வாயைத் திறந்தால் மண்.

“எறக்கத்துல எந்திரிச்சு நின்னு மிதிக்கற குடும்பம் நாம ஒண்ணுதானுங்க,” என்றாள் அம்மா.

புலிகுத்திக் கல்லைத் தேடிக் கண்டுபிடித்தோம். கள்ளிச் செடிக்கு நடுவில் இடுப்பளவுக் கல். ஒருவன் புலியின் வாயில் வாளைச் செருகுகிறான், பின்னால் ஒரு மாடு நிற்கிறது. மாட்டுப் பட்டியைக் காக்கப் போய்ச் செத்தவன் என்று அப்பா கல்லைத் தடவித் தடவிச் சொன்னார்.

“மாடு யாருதுங்க?” என்று அம்மா கேட்டாள்.

“யாராச்சும் பண்ணாடியோடதா இருக்கும்.”

“அப்பச் செத்தவன் நம்மாளு.”

அப்பா சிரித்தார். அப்படி வாய்விட்டு அவர் சிரித்ததை நான் அதிகம் பார்த்ததில்லை. அன்றைக்குச் சிரித்தது அதுதான் கடைசி.

மெயின் ரோட்டை விட்டு ஊருக்குள் திரும்பும் வீதியின் முனையில் ஒரு வேப்பமரம். அதைக் கண்டதும் அப்பா சட்டென்று பிரேக் பிடித்தார். அம்மாவை இறங்கச் சொல்லி, தானும் இறங்கி, செருப்பைக் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டினார். நான் விழிப்பதைப் பார்த்து, “இது பழைய கோயில் வீதி கண்ணு. சைக்கிள்ல போகக்கூடாது,” என்றார். எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. பழைய இடத்துக்கு மரியாதை. நானும் இறங்கி, செருப்பைக் கழற்றி, அவர் மாட்டின மாதிரியே மாட்டிக்கொண்டேன்.

அம்மா சிங்காநல்லூரில் பிறந்து மில் லைனிலேயே வளர்ந்தவள். கல்யாணமான பிறகு அந்த ஊருக்கு வந்தபோதெல்லாம் பஸ்ஸை விட்டிறங்கி, சைக்கிள் போகாத காட்டு வழியாகத்தான் கூட்டிப் போயிருக்கிறார்கள். வீதியை அன்றைக்குத்தான் பார்க்கிறாள்.

வீதி நடுவில் அரசமரத்து மேடையில் பண்ணாடி இரண்டு மூன்று பேரோடு உட்கார்ந்திருந்தார். வெள்ளை வேட்டி, மடியில் வெற்றிலைப் பெட்டி. பார்க்க நல்ல மனிதராகத்தான் இருந்தார்.

“ஏண்டா சின்னவனே, மில்லுச் சோறு ஒட்டுது போல?”

“ஆமாங்க சாமி. பண்ணாடி சௌக்கியமுங்களா?”

கொங்குத் தமிழைப் போல மரியாதை உண்டா, நாய்க்குக்கூட ‘ங்க’ போடுவோமே என்று குழுவில் பெருமைப்படுகிறீர்கள் இல்லையா? எங்கள் வாயிலிருந்து அந்த ‘ங்க’ மேடைக்குப் போனதை நான் கேட்டேன். மேடையிலிருந்து திரும்பி வந்ததில்லை. வெயிலில் காய்ந்த மண் உள்ளங்காலைச் சுட்டது. வீதி முடியும் கிணற்றடி வரைக்கும் நான் கால் சுடச் சுடச் சந்தோஷமாக நடந்தேன்.

மறுநாள் பாலக்காட்டுக் கோட்டை. அகழியும் கருங்கல் சுவருமாக அது கண்ணில் பட்டதும் நான் குதித்து இறங்கினேன். செருப்பைக் கழற்றி மாட்டிக்கொண்டு அகழியைச் சுற்றித் தள்ளிக்கொண்டு போனேன். எங்களைத் தாண்டி சைக்கிள்கள் மணியடித்துக்கொண்டு போயின. டீக்கடைக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்து, “எந்தா மோளே, சைக்கிள் கேடாயோ?” என்றார். வண்டி ரிப்பேரா என்று கேட்கிறார்.

“இங்கயெல்லாம் ஏறிக்கலாம் கண்ணு,” என்றார் அப்பா.

“அந்த வீதியை விட இது பழசாச்சேங்கப்பா?”

அப்பா பெடலை மிதித்தார். நானும் விடவில்லை. ஓடு போட்ட ஒரு சர்ச், வழியில் ஒரு சின்னக் கோயில், குளத்தோடு ஒரு பள்ளிவாசல், எதைக் கண்டாலும் இறங்கினேன், செருப்பைக் கழற்றினேன். அப்பா எனக்காக நின்று நின்று வந்தார். ஒற்றப்பாலம் தாண்டி, ஆற்று மணல் பளபளவென்று தெரிகிற ஒரு இடத்தில், இடிந்த மதில் ஒன்றைப் பார்த்து நான் மறுபடி இறங்கியபோது அவருக்குப் பொறுமை போய்விட்டது.

“எறங்காதேன்னு சொல்றேனில்ல?”

நான் அழுதேன். நீங்கள்தானே சொன்னீர்கள் என்றேன். அப்போது அம்மா கேரியரிலிருந்து இறங்கி வந்து என் செருப்பை எடுத்துத் தரையில் போட்டாள்.

“போட்டுக்க கண்ணு. அது கோயில் வீதியெல்லாம் இல்ல. நம்ம சாதிக்காரங்க அந்த வீதியில சைக்கிள்ல ஏறிப் போனா அவங்களுக்குப் பொறுக்காது. அதான் எறங்கறோம். இங்க நம்மளை ஆருக்குந் தெரியாது. நீ ஏறிக்க.”

அப்பா ஆற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். பிள்ளைக்கு வலிக்காமல் இருக்கட்டும் என்று சொன்ன பொய் அது. இன்றைக்கு எனக்கு அது புரிகிறது. ஆனால் அவர் செய்தது தப்பு. வலிக்காமல் இருக்கச் சொன்ன பொய்யால், அவமானத்தை நான் பக்தியாகக் கற்றுக்கொண்டேன். உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த வீதியில் அப்படிச் சந்தோஷமாக நடந்திருக்க மாட்டேன். அதற்குத்தான் எனக்கு இன்றும் உடம்பு கூசுகிறது.

அதற்கப்புறம் நாங்கள் எங்கேயும் இறங்கவில்லை. பெரிய பெரிய ஓட்டு வீடுகளின் திண்ணையில் சாய்வு நாற்காலியில் படுத்திருக்கிறவர்களைத் தாண்டி அப்பா மணியடித்துக்கொண்டே போனார். தேவையே இல்லாத இடத்தில் அடித்தார். பலாப்பழ வாசனை, ஆற்றங்கரை ஈரம், திடீர் திடீரென்று ஒரு மழை. நாலாம் நாள் மத்தியானம் பொன்னானியில் வீதிகள் குறுகி, மீன் வாசனை தூக்கலாகி, மரத்தில் செதுக்கிய பெரிய பள்ளிவாசல் ஒன்றைத் தாண்டி, சாலை மணலில் போய் முடிந்தது. எதிரே கடல். சைக்கிளை அலைக்குள்ளேயே இறக்கிவிட்டார் அப்பா. சக்கரத்தை அலை நனைத்து விட்டுப் போனது. செயினுக்கு அது எவ்வளவு கெடுதல் என்று ஃபிட்டருக்குத் தெரியாதா? தெரிந்துதான் செய்தார். அம்மா முழங்கால் வரைக்கும் தண்ணீரில் நின்று, இதை யாருதுன்னு சொல்லுவாங்க என்று கேட்டாள். யாருதும் இல்லை என்றார் அப்பா. ஒரு மருந்து பாட்டிலில் கடல் தண்ணீர் பிடித்து வைத்துக்கொண்டேன். எந்த வீடு மாறும்போதோ அது தொலைந்து போயிற்று.

திரும்பும்போது காற்று எங்கள் பக்கம். பாலக்காட்டிலிருந்து விடிகாலையில் கிளம்பினோம். ஏற்றத்தில்கூட முதுகில் கை வைத்துத் தள்ளுகிற மாதிரி இருந்தது. பத்து மணிக்கெல்லாம் அந்த வேப்பமரம் வந்துவிட்டது. பெரியப்பாவுக்கு ஒரு சிப்பம் நேந்திரங்காய் வறுவல் கொடுத்துவிட்டுப் போவதாக ஏற்பாடு. அவர் அந்நேரம் தோட்டத்தில் இருப்பார். வீதியைத் தாண்டி, கிணற்றடிக்கு அப்பால்தான் தோட்டம்.

அப்பா காலை ஊன்றி நின்றார். “எறங்கு.”

“எதுக்குங்க?”

“எதுக்குன்னு தெரியாதா? சித்த தூரம். அக்கட்டால போய் ஏறிக்கலாம்.”

“நான் எறங்கலீங்க.”

அப்பா திரும்பிப் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, மில்லுக்காரர் குரலே இல்லாமல் சொன்னார்: “நாம போயிருவோம். அண்ணன் இங்கயே பொழைக்கோணும். அவனைத்தான் கூப்பிட்டுக் கேப்பாங்க.”

அம்மா கேரியரை இறுகப் பிடித்துக்கொண்டாள். “தெரியுதுங்க,” என்றாள். “ஆனா இத்தனை நாளா உங்க முதுகைப் பாத்துட்டே வந்தேன். நல்லா நிமிந்து இருந்துச்சு. இந்த வேப்பமரத்தைக் கண்டதும் கூனிப்போச்சு. அதை ரெண்டாந்தடவை பாக்க என்னால ஆகாதுங்க. நான் எறங்கல.”

அப்பா அவளைக் கேரியரில் வைத்தபடியே தான் மட்டும் இறங்கினார். செருப்பைக் கழற்றி மாட்டினார். இரண்டு கையாலும் ஹேண்டில்பாரைப் பிடித்துத் தள்ள ஆரம்பித்தார். நானும் இறங்கினேன். ஆனால் செருப்பைக் கழற்றவில்லை. பதினோரு வயதில் என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

ஏறி ஓட்டிக்கொண்டு போயிருந்தால்கூட அவ்வளவு கண்ணில் பட்டிருக்காது. அம்மா முந்தானையைப் போர்த்திக்கொண்டு மேலே உட்கார்ந்திருக்க, அப்பா வெறுங்காலோடு தள்ளிக்கொண்டு போக, சாமி புறப்பாடு மாதிரி மெள்ள மெள்ள நாங்கள் வீதியில் நகர்ந்தோம். வாசல்களில் ஆட்கள் வந்து நின்றார்கள்.

மேடையிலிருந்து பண்ணாடி கேட்டார்: “ஏண்டா, உம்பொண்டாட்டிக்குக் கால்ல என்ன?”

“சுளுக்கிப்போச்சுங்க சாமி,” என்றார் அப்பா. எவ்வளவு தயாராக வைத்திருந்தார் அந்தப் பொய்யை. பண்ணாடியும் தலையை ஆட்டி, போ போ என்று கையைக் காட்டிவிட்டார். எல்லாம் முடிந்துவிட்டது. இன்னும் முப்பதடி தள்ளினால் கிணற்றடி.

“சுளுக்கெல்லாம் இல்லீங்க,” என்றாள் அம்மா. “காலு நல்லாத்தானுங்க இருக்குது.”

வெற்றிலைப் பெட்டியின் மூடி சாத்துகிற சத்தம் கேட்டது.

“அப்ப எறங்கி நட.”

“எதுக்குங்க?”

அந்த ஊரில் அதை யாரும் அவரிடம் கேட்டிருக்க மாட்டார்கள். மனிதருக்குப் பதில் தெரியவில்லை, நண்பர்களே. நிஜமாகவே தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்தார், அவர்களுக்கும் தெரியவில்லை. கடைசியில் அப்பாவைப் பார்த்து, “நீ சொல்லுடா அவளுக்கு,” என்றார்.

அப்பா ஒரு கையால் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டார். அவர் செருப்பை எடுத்தார். கீழே போட்டு, ஒன்றன்பின் ஒன்றாகக் காலை நுழைத்துக்கொண்டார்.

கேரியரில் ஆள் இருந்தால் சைக்கிளில் பின்பக்கமாகக் காலைச் சுழற்றி ஏற முடியாது. உங்களுக்கே தெரியும். முன்பக்கமாக, முழங்காலை நெஞ்சு வரைக்கும் மடக்கித் தூக்கி, பாருக்கு மேலே காலைக் கொண்டுபோய் அந்தப் பக்கம் போட வேண்டும். அப்பா அப்படித் தூக்கினார். மேடைக்கு நேர் எதிரே, செருப்புப் போட்ட காலை, நிதானமாக. பெடலில் கால் பட்டதும், “ஏறு கண்ணு,” என்றார்.

எப்படி ஏறினேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை. பின்னால் கத்தினார்கள். ஒரு கல் என் மட்கார்டில் பட்டுத் தெறித்தது. காற்று எங்களை அள்ளிக்கொண்டு போயிற்று. பெரியப்பாவுக்கான வறுவல் எங்களோடேயே வந்துவிட்டது. எட்டிமடை தாண்டி ஒரு புளியமரத்தடியில் அப்பா நிறுத்தி, குனிந்து வாந்தியெடுத்தார். அம்மா அவர் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

அம்மா செய்ததற்கு விலை பெரியப்பா கொடுத்தார். அதை நான் மறைக்கப் போவதில்லை. அன்று சாயந்தரமே அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். சுற்றுவட்டத் தோட்டம் எதிலும் சேர்க்கவில்லை. பொம்பளையின் திமிரால் ஒரு குடும்பம் தெருவுக்கு வந்தது என்று எங்கள் சொந்தக்காரர்களே பேசினார்கள், சாகும் வரைக்கும் பேசினார்கள். வேலையைப் பிடுங்கினவனை விட்டுவிட்டு, இறங்காதவளைப் பேசினார்கள். அன்றைக்கு அம்மா இறங்கியிருக்க வேண்டும் என்று என்னால் இப்போதும் சொல்ல முடியாது. சொல்லவும் மாட்டேன்.

இருபது நாள் கழித்துப் பெரியப்பா ஒரு துணி மூட்டையோடு எங்கள் லைன் வீட்டு வாசலில் வந்து நின்றார். மில் திறந்திருந்தது, அப்பா ஷிப்டில் இருந்தார். அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் பயந்து நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

“உன்னால என்ற பொழப்புப் போச்சு அம்மணி,” என்றார் பெரியப்பா.

“ஆமாங்க மாமா. போச்சுங்க,” என்றாள் அம்மா. உள்ளே போய்த் தட்டில் சோறு போட்டுக் கொண்டுவந்து வைத்தாள்.

பெரியப்பா தலை நிமிராமல் சாப்பிட்டார். இரண்டாம் தடவை சோறு வாங்கிக்கொண்டார். கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தவர், அம்மா அடுப்பங்கரைக்குள் போகும் வரைக்கும் காத்திருந்து, என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

“நான் அன்னைக்கு மோட்டார் ரூம்புல இருந்துட்டேன் கண்ணு, ஒண்ணும் பாக்கல. ஆளாளுக்கு ஒண்ணு சொல்றானுக. நீ பக்கத்துல நின்னவ. எங்க வெச்சு ஏறுனான்? மேடையைத் தாண்டியா, தாண்டறதுக்கு முந்தியா?”

“மேடைக்கு நேரா நின்னுதானுங்க பெரியப்பா.”

“காலை முன்னாலயா தூக்குனான்?”

“முன்னாலதானுங்க.”

“செருப்போடயா?”

“செருப்போடதானுங்க.”

பெரியப்பா இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு தரையைப் பார்த்தார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்துக் குனிந்து பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

“இன்னொருக்காச் சொல்லு கண்ணு,” என்றார். “மொதல்ல இருந்து சொல்லு.”